படர்தாமரைக்கு மெடிக்கலில் கொடுத்த க்ரீம்: தொடர்ந்து போடலாமா?

தாராவி_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தாராவியில் 90 அடி ரோடு பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறார். காற்று வராத இடம், நாள் முழுக்க வியர்வை. மழை தொடங்கியதிலிருந்து அவருக்குத் தொடை இடுக்கிலும், இடுப்பில் பெல்ட் படுகிற இடத்திலும் வட்ட வட்டமாகச் சிவந்து ஒரே அரிப்பு. வட்டத்தின் ஓரம் மட்டும் தடித்துப் பொடிப்பொடியாகச் செதில் உதிரும், நடுவில் தோல் தெளிந்த மாதிரி இருக்கும். ராத்திரி தூக்கமே கிடையாது.

தெருமுனை மெடிக்கலில் ‘தாத்’ (இந்தியில் படர்தாமரை) என்று சொன்னதும் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். போட்ட இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு நின்று சிவப்பும் அடங்கியது. சரி, ஆறிவிட்டது என்று நிறுத்தினார். அடுத்த வாரமே திரும்பி வந்து இப்போது வயிறு வரைக்கும் ஏறியிருக்கிறது. முன்பு ஒரே வளையமாக இருந்தது, இப்போது வளையத்துக்குள் இன்னொரு வளையமாகத் தெரிகிறது. மறுபடி அதே ட்யூபைத்தான் போடுகிறார். போட்டால் அடங்கும், விட்டால் கிளம்பும்.

அத்தைக்கும் (அவருடைய அம்மா, சுகர் இருக்கிறது) பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் இதே மாதிரி வந்திருக்கிறது. பையனுக்கு ஆறு வயது. அவன் தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு முடி ஒடிந்து வட்டமாகத் தெரிகிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று தெரியவில்லை.

நேற்று அந்த ட்யூபின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். க்ளோபெட்டாசோல் புரோபியோனேட், நியோமைசின் சல்ஃபேட், மைக்கோனசோல் நைட்ரேட் என்று மூன்று பெயர் இருக்கிறது. பக்கத்தில் சிவப்புக் கோடு. ‘பூஞ்சைக்கு ஒரு மருந்து போதாதா, மூன்று எதற்கு’ என்று கேட்டால், ‘மூன்று சேர்ந்தால் சீக்கிரம் ஆறும்’ என்கிறார் கடைக்காரர். இதைத் தொடர்ந்து போடலாமா? வேறு க்ரீம் வாங்குவது என்றால் எதை, எவ்வளவு நாள் போட வேண்டும்? மூன்று பேரும் ஒரே ட்யூபைப் போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செம்பூர்_பார்மசிஸ்ட்

தங்கச்சி, செம்பூரில் மெடிக்கல் கவுன்டரில் நின்று எனக்குத் தலை நரைத்துவிட்டது. மழைக்காலத்தில் தினமும் இந்தக் கேள்வி வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ட்யூபை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் படித்த மூன்று பெயரில் மைக்கோனசோல் ஒன்றுதான் பூஞ்சையைக் கொல்கிற மருந்து. நியோமைசின் பாக்டீரியாவுக்கானது. படர்தாமரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சிலருக்கு அதுவே தோல் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். க்ளோபெட்டாசோல் ஒரு ஸ்டீராய்டு. தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை அது. தொடை இடுக்கு மாதிரி மெல்லிய தோல் உள்ள இடத்தில் அதைத் தொடவே கூடாது.

இரண்டே நாளில் சரியான மாதிரி தெரிந்தது ஏன் என்று சொல்கிறேன். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எல்லாம் பூஞ்சையோடு உங்கள் வீட்டுக்காரரின் உடம்பு போராடுவதால் வருபவை. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது குரைக்கிற நாயின் வாயைக் கட்டுகிற கதைதான். சத்தம் அடங்கும், திருடன் நிதானமாக எல்லா அறைக்கும் போவான். பூஞ்சை தோலின் மேல் அடுக்கில் இருக்கும் கெரட்டினைத் தின்று வாழ்வது. தடுக்க ஆளில்லை என்றால் வயிறு, முதுகு, பின்புறம் என்று போய்க்கொண்டே இருக்கும். வளையத்துக்குள் வளையம் என்று எழுதியிருக்கிறீர்களே, ஸ்டீராய்டு போட்ட படர்தாமரையில் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற அடையாளம் அது. சிலருக்கு வளையமே கலைந்துபோய், இது படர்தாமரைதான் என்று மருத்துவருக்கே சட்டென்று தெரியாத அளவுக்கு உருமாறிவிடும்.

இன்னொன்று முக்கியம். நிறுத்தியதும் சில நாளைக்கு முன்பைவிட அதிகமாகச் சிவக்கும், அரிக்கும். கட்டி வைத்திருந்த எதிர்ப்பு ஒரே நேரத்தில் திரும்புவதால் அப்படி ஆகும். அதைப் பார்த்துப் பயந்து பழைய ட்யூபுக்கே போய்விடக் கூடாது, அந்தச் சுழலில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அரிப்பு தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் அரிப்புக்கான மாத்திரை கேட்டு வாங்குங்கள். அதில் சில தூக்கம் வரவைக்கும், பட்டறையில் மெஷினில் உட்காருகிறவர் என்பதால் அதையும் சொல்லி வாங்குங்கள்.

எந்த ட்யூப் வாங்கினாலும் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். க்ளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் – இதில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பெயரின் முடிவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். க்ளோட்ரிமசோல் நல்ல பூஞ்சை மருந்து, க்ளோபெட்டாசோல் ஸ்டீராய்டு. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும், அதனால் வாயால் கேட்காமல் எழுதிக்கொண்டு போங்கள். க்ளோட்ரிமசோல் 1%, மைக்கோனசோல் 2%, கீட்டோகோனசோல் 2%, லூலிகோனசோல் 1%, டெர்பினஃபைன் 1% – இதில் ஏதாவது ஒன்று மட்டும் தனியாக எழுதியிருந்தால் அது பூஞ்சை க்ரீம். கூட வேறு எதுவும் இருக்கக் கூடாது.

2018-ல் மத்திய அரசு 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது, அதில் இந்த மாதிரித் தோல் க்ரீம்களும் இருந்தன. அதே ஆண்டு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டு வந்தார்கள். நீங்கள் பார்த்த சிவப்புக் கோடு அந்த எச்சரிக்கைதான். இருந்தும் கவுன்டரில் கை நீட்டினால் கிடைக்கிறது. என் தொழிலில் எனக்கு மனசு வலிக்கிற விஷயம் இது. ஆள் இரண்டு நாளில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து நன்றி சொல்வார், அந்த நன்றியை நம்பித்தான் அடுத்தவருக்கும் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இனி பூசுகிற விதம். குளித்து, துண்டால் ஒற்றி, மடிப்பெல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் பலனில்லை. சிவந்த இடத்தோடு நிறுத்தக் கூடாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தைத் தாண்டித்தான் வளர்ந்துகொண்டிருக்கும், அதனால் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நல்ல தோலில் ஆரம்பித்து உள்நோக்கிப் பூசுங்கள். வெளியே இருந்து உள்ளே வந்தால் கை பூஞ்சையை நல்ல தோலுக்கு இழுத்துப் போகாது. மெல்லிசாகப் பூசினால் போதும், கெட்டியாக அப்ப வேண்டாம். மேலே துணி வைத்துக் கட்டவும் வேண்டாம். பூசி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அளவு நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் ட்யூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களைச் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு இடுப்பு, தொடை, வயிறு எல்லாம் சேர்த்து ஆறு உள்ளங்கை அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு ஒன்றரை கிராம், காலை மாலை சேர்த்து மூன்று கிராம். 15 கிராம் ட்யூப் ஐந்து நாளில் முடிந்துவிடும். ஆனால் எல்லாரும் ஒரு ட்யூப் வாங்கி, அது தீர்ந்ததும் மருத்துவம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். க்ளோட்ரிமசோல் போன்றவற்றைத் தினம் இரண்டு வேளை பூச வேண்டும், லூலிகோனசோல் ஒரு வேளை போதும். தோல் முழுக்கத் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும். அரிப்பு நிற்பது பாதி வழிதான்.

ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்குக் க்ரீம் மட்டும் போதாது என்பது என் கருத்து. பல இடத்தில் பரவியிருக்கிறது, திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, ஸ்டீராய்டு போட்டிருக்கிறது, வீட்டில் மூன்று பேருக்கு இருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடுகிற மருந்து தேவைப்படலாம். அதைத் தோல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கடைக்காரரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். போகும்போது அந்தப் பழைய ட்யூபைக் கையோடு எடுத்துப் போங்கள். ‘வெள்ளை க்ரீம் போட்டோம்’ என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

---

அந்தேரி_அருண்

பார்மசிஸ்ட் அண்ணன் சொன்னதற்கு ஒரு சாட்சி. எங்கள் ரூமில் ஐந்து பேர் இருக்கிறோம். அதில் மதுரைக்காரன் ஒருத்தன் இதே மாதிரிக் கலவை க்ரீமைப் பல மாதம் போட்டான். இப்போது அவன் தொடையின் உள்பக்கம் பிரசவ வரி மாதிரி அகலமாகக் கோடு கோடாகப் பிளந்திருக்கிறது. தோல் மெலிந்து உள்ளே நரம்பு தெரிகிறது. பூஞ்சை போய்விடும், இந்தக் கோடு போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வயதுப் பையன், நீச்சலுக்குக் கூப்பிட்டால்கூட வருவதில்லை. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அவனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் எங்கள் எல்லாரையும் வரச் சொன்னார். ஒருத்தன் மட்டும் மருந்து போட்டு மற்றவன் சொறிந்துகொண்டிருந்தால் ரூமுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருமாம். எங்களில் இரண்டு பேருக்கு லேசாக இருந்தது, ஒரே நேரத்தில் எல்லாருக்கும் மருந்து ஆரம்பித்தார்.

துணி விஷயத்தையும் அவர்தான் சொன்னார், அக்கா இதைக் கட்டாயம் செய்யுங்கள். துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடை தனித்தனியாக இருக்க வேண்டும். பூஞ்சை உள்ளவர் துணியை மற்றத் துணியோடு சேர்த்து ஊற வைக்கக் கூடாது. மெஷின் இருந்தால் 60 டிகிரி, இல்லையென்றால் கை பொறுக்காத வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைக்க வேண்டும். மும்பை மழையில் துணி காயாது என்பதுதான் பெரிய தொல்லை. கயிற்றில் மூன்று நாள் தொங்கினாலும் அந்த ஈர வாடை போகாது. அதனால் உள்ளாடையையும் பேன்ட்டின் இடுப்புப் பட்டையையும் உள்பக்கம் திருப்பி, சூடாக இஸ்திரி போட்டுத்தான் உடுத்துகிறோம். ஜீன்ஸ் போடுவதை அந்த மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டோம். வேட்டி, தளர்வான பருத்திப் பேன்ட் போதும். பெல்ட்டை யாரும் துவைப்பதில்லை, உங்கள் வீட்டுக்காரர் பெல்ட்டையும் கவனியுங்கள்.

---

மாட்டுங்கா_மீனாட்சி

எங்கள் அம்மா காலத்தில் சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவார்கள், இரண்டு நாளில் காய்ந்துவிடும். பூண்டு அரைத்துத் தேய்த்தாலும் கேட்கும். இந்த ஆங்கில மருந்தெல்லாம் எதற்கு? சித்த மருந்துக் கடையில் சீமை அகத்திக் களிம்பே கிடைக்கிறது.

---

செம்பூர்_பார்மசிஸ்ட்

மீனாட்சி அம்மா, சீமை அகத்திக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் இருப்பது உண்மைதான், நம் பெரியவர்கள் அறியாமல் சொல்லவில்லை. சிறிய இடத்தில் புதிதாக வந்த ஒரு வட்டத்துக்கு, சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் போடட்டும். ஆனால் செல்வி வீட்டில் இருப்பது ஸ்டீராய்டு பட்டு மெலிந்த தோல். அதன் மேல் பூண்டு விழுதை வைத்தால் வெந்து கொப்புளம் போட்டுவிடும், நானே அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சை, வினிகர், கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, எதுவும் வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று வைத்தியத்தைக் கலந்தால் எரிச்சல் எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் காலத்துப் படர்தாமரை இப்போது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இப்போது பரவியிருக்கிற பூஞ்சையில் ஒரு வகைக்கு 2020-ல்தான் தனிப் பெயர் வைத்தார்கள், ட்ரைகோஃபைட்டான் இந்தோட்டினியே என்று. ஜப்பானில் இருந்த இந்திய, நேபாள நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்துக் கண்டுபிடித்தது. டெர்பினஃபைன் பூஞ்சையின் ஒரு நொதியை முடக்கித்தான் வேலை செய்யும். இந்த வகையில் பலவற்றில் அந்த நொதியின் மரபணு மாறியிருப்பதால் மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இதே பூஞ்சை வந்ததை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது, அதில் ஒருவர் பங்களாதேஷ் போய் வந்தவர். இங்கே தெருவுக்குத் தெரு இருப்பது அங்கே செய்தியாகிறது. டெர்பினஃபைன் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து வாங்கிச் சாப்பிட்டு ‘கேட்கவே இல்லை’ என்று வருகிறவர்கள் நிறைய. காரணம் இதுவாகவும் இருக்கலாம். மருந்தைப் பாதியில் நிறுத்துவது, ஸ்டீராய்டு கலப்பது, அளவு குறைவாகச் சாப்பிடுவது எல்லாம் சேர்ந்தால் இந்தப் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம்.

---

சயான்_நர்ஸ்

செல்வி, பையன் தலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான்.

வட்டமாக முடி ஒடிந்து செதிலும் இருந்தால் தலையில் வந்த படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு அவ்வளவாக வராது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் வரும். அதற்கு எந்தக் க்ரீமும் கேட்காது. பூஞ்சை முடிக்குள்ளும் வேருக்குள்ளும் போய்விடும், க்ரீம் அவ்வளவு ஆழம் இறங்காது. எடைக்குத் தகுந்த மாதிரி வாய்வழி மருந்து கொடுக்க வேண்டும், பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம். தள்ளிப் போட்டால் சில பிள்ளைகளுக்கு அந்த இடம் சீழ் வைத்து, சேறு மாதிரி மெத்தென்று வீங்கி, ஆறிய பிறகும் முடி முளைக்காமல் தழும்பாகிவிடும். இந்த வாரமே காட்டுங்கள். மொட்டை அடிக்கத் தேவையில்லை. சீப்பு, தொப்பி, தலையணை உறையைத் தனியாக வையுங்கள். வீட்டில் பூனைக்குட்டி, நாய்க்குட்டி ஏதாவது வளர்த்தால், அதற்கு முடி கொட்டியிருக்கிறதா பாருங்கள். அதிலிருந்தும் பிள்ளைகளுக்கு ஒட்டும்.

உங்கள் வீட்டிலிருந்து சயான் ஆஸ்பத்திரி பக்கம்தானே, தோல் பிரிவு ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் (பதிவுச் சீட்டு) எடுத்துவிடுங்கள். வளையத்தின் ஓரத்தில் மழுங்கிய கத்தியால் லேசாகச் சுரண்டிச் செதிலை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலிக்காது. அன்று காலை அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் தடவாமல் போங்கள், செதில் சரியாகக் கிடைக்கும்.

எல்லா வட்டமும் படர்தாமரை இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். மார்பில் முதுகில் வெளிறிய புள்ளியாக வருவது தேமல், அதுவும் பூஞ்சைதான் ஆனால் வேறு வகை, வைத்தியமும் வேறு. எக்ஸிமா, சோரியாசிஸ் எல்லாம்கூட வட்டமாக வரும். அரிக்காத வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்று இருந்து, அதில் தொட்டால் உணர்வு குறைவாக இருந்தால் எந்தக் க்ரீமும் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

அத்தைக்குச் சுகர் என்கிறீர்கள். மார்புக்குக் கீழே, இடுப்பு மடிப்பில் தோல் ஈரமாகி வெள்ளையாக ஊறி, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அது கேண்டிடா என்கிற ஈஸ்ட். டெர்பினஃபைன் க்ரீம் அதற்குச் சரியாகக் கேட்காது, க்ளோட்ரிமசோல் வகை கேட்கும். ஆக, மூன்று பேருக்கும் ஒரே ட்யூப் என்பது மருந்து வகையிலும் சரிவராது. தொட்ட கையால் ஒரே ட்யூபைப் பிதுக்குவதும் வேண்டாம். சர்க்கரை அளவு இறங்காமல் இந்த மாதிரித் தோல் பூஞ்சை முழுசாகப் போகாது, அதையும் பரிசோதித்துவிடுங்கள்.

---

தாராவி_செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவரையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஓபிடி போய் வந்தோம். இரண்டு பேருக்கும் சுரண்டிப் பார்த்தார்கள், இரண்டுமே பூஞ்சைதான் என்றார்கள். பழைய ட்யூபைக் காட்டியதும் மருத்துவர் அம்மா பெருமூச்சு விட்டார். வீட்டுக்காரருக்கு இட்ராகோனசோல் கேப்சூலும் லூலிகோனசோல் க்ரீமும், பையனுக்கு க்ரிசியோஃபுல்வின் மருந்தும் எழுதியிருக்கிறார். மூன்று பேருடைய துணியையும் தனியாக வெந்நீரில் போட ஆரம்பித்துவிட்டேன். அவருடைய அரிப்பு இப்போது ரொம்ப அதிகமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் முன்பே சொன்னதால் அவரும் பொறுத்துக்கொள்கிறார்.

அண்ணாச்சி, இன்னும் இரண்டு கேள்வி. பையன் மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பு கொடுப்பதா, பின்பா? அத்தையை அடுத்த வாரம் கூட்டிப் போகிறோம். அவருக்குச் சுகர் மாத்திரை தவிர பிரஷருக்கு, கொழுப்புக்கு, வயிற்று எரிச்சலுக்கு என்று தனித்தனியாக மாத்திரை இருக்கிறது. இவருக்குக் கொடுத்த அதே கேப்சூலை அவருக்கும் ஆரம்பித்துவிடலாமா என்று இவர் கேட்கிறார்.

---

செம்பூர்_பார்மசிஸ்ட்

நல்ல காரியம் செய்தீர்கள். பையனுக்கு க்ரிசியோஃபுல்வினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே கொடுங்கள். பால், நெய், முட்டை என்று கொழுப்புள்ள உணவோடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் கொடுத்தால் பாதி வீண். வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கலாம், தொப்பி போட்டு விடுங்கள். முடி முளைக்கிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

அத்தைக்கு அந்தக் கேப்சூலைக் கண்டிப்பாகப் பகிரக் கூடாது. இட்ராகோனசோல் பல மாத்திரைகளோடு மோதும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறார் என்றால் சேரவே கூடாது, தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கும் அளவுக்குப் போகலாம். அடோர்வாஸ்டாடின் என்றாலும் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது சில வாரம் நிறுத்தி வைப்பார். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் கால் வீக்கம் கூடலாம். இதயம் பலவீனம், மூச்சு வாங்குகிறது என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் இந்த மருந்தே அவருக்கு ஆகாது. வயிற்று எரிச்சல் மாத்திரை இன்னொரு தொல்லை. இட்ராகோனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அமிலத்தைக் குறைத்துவிட்டால் கேப்சூல் அப்படியே வீணாகும். உங்கள் வீட்டுக்காரரும் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், எரிச்சலுக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

அத்தை சாப்பிடும் எல்லா அட்டைகளையும், காலியான அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே மருத்துவர் மேசையில் வைத்துவிடுங்கள். சீட்டு பழசாக இருக்கும், அட்டைதான் உண்மை சொல்லும். அவருக்கு இருப்பது சின்ன இடம் என்றால் வெறும் க்ரீமிலேயே முடித்துவிட மருத்துவர் பார்ப்பார்.

வீட்டுக்காரருக்குக் கேப்சூல் போடும் நாட்களில் கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, சாப்பாடு பிடிக்காமல் குமட்டுவது, கால் வீங்குவது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த கேப்சூலைப் போடாமல் அன்றைக்கே ஓபிடிக்குக் கூட்டிப் போங்கள். ஓபிடி மூடியிருந்தால் அவசரப் பிரிவு. மருந்துச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி நேரத்தில் பெயர் கேட்டால் அதைக் காட்டினால் போதும்.